மவுன்ஜாரோ போடும் அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன்: ஊசியை எத்தனை நாளுக்கு முன்னால் நிறுத்த வேண்டும்?

வைகைக்கரை

அம்மாவுக்கு 61 வயது. சர்க்கரை பல வருடமாக இருக்கிறது. டாக்டர் சொல்லி மவுன்ஜாரோ ஊசி போட்டு வருகிறார். இப்போது 7.5 மில்லிகிராம், ஞாயிறுதோறும். இந்த அளவுக்கு ஏற்றிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. எடை நன்றாக இறங்கியிருக்கிறது, சர்க்கரையும் கட்டுக்குள் வந்துவிட்டது. இதற்கிடையில் பித்தப்பையில் கல் என்று தெரிந்து, லேப்ராஸ்கோப்பியில் எடுக்க அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

சர்ஜன் "ஒரு வாரம் ஊசியை நிறுத்துங்கள்" என்கிறார். சர்க்கரை டாக்டர் "நிறுத்தவே வேண்டாம்" என்கிறார். தெரிந்த நர்ஸ் ஒருவர் ஒரு மாதம் நிறுத்தினால்தான் வயிறு காலியாகும் என்கிறார். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் இரவு 12 மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக்கூடாது என்று மட்டும் இருக்கிறது, ஊசியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. யார் சொல்வதைக் கேட்பது?

மலைக்கோட்டை வாசகி

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் மவுன்ஜாரோ மாதிரியே இன்னொரு வார ஊசியான செமாக்ளுடைடு போடுகிறேன். நெஞ்செரிச்சலுக்காக எண்டோஸ்கோப்பி எழுதினார்கள். முந்தின நாள் ராத்திரி ஏழரைக்கு இரண்டு தோசை, அதோடு சரி. மறுநாள் காலை பத்தரைக்குக் குழாயை உள்ளே விட்டவர் உடனே வெளியே எடுத்துவிட்டார். அப்புறம் படத்தைக் காட்டினார்: இரைப்பைக்குள் மாவும் தேங்காய்த் துருவலும் அப்படியே கிடந்தன. பதினைந்து மணி நேரம் கழித்து! நல்லவேளை, தொண்டைக்கு மருந்து அடித்ததோடு சரி, மயக்க ஊசி போட்டிருக்கவில்லை. ஊசி போடுகிறீர்களா என்று யாரும் முன்கூட்டியே கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுப் போய்த் திரும்பியிருக்க வேண்டியதில்லை.

அனஸ்தீசியா டாக்டர், கோவை

வைகைக்கரை, நீங்கள் கேட்டிருப்பது எங்கள் துறையே இன்னும் பேசிக்கொண்டிருக்கிற விஷயம். அதனால்தான் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். மூன்றுக்கும் ஓர் அடிப்படை இருக்கிறது.

முதலில், வயிறு ஏன் காலியாக இருக்க வேண்டும்? விழித்திருக்கும்போது புரையேறினால் இருமித் துப்பிவிடுவோம். மயக்கத்தில் இருமலும் இல்லை, விழுங்கலும் இல்லை, உணவுக்குழாயின் கீழ்வாயும் தளர்ந்துவிடும். வயிற்றில் இருப்பது மேலே வந்து நேராக நுரையீரலுக்குள் இறங்கும். 1946-ல் நியூயார்க்கில் மெண்டல்சன் என்ற மருத்துவர் 44,016 பிரசவக் குறிப்புகளைப் பார்த்து, 66 தாய்மாருக்கு மயக்கத்தில் இப்படிப் புரையேறியதை எழுதினார். அதில் இருவர் கெட்டியான உணவு மூச்சுக்குழாயை அடைத்து இறந்துபோனார்கள். ஆபரேஷனுக்கு முன் பட்டினி என்பதை நாங்கள் இவ்வளவு கறாராகப் பார்ப்பதற்குப் பின்னால் அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றைய கணக்கு: தெளிந்த நீர் 2 மணி நேரம், பாலும் லேசான சாப்பாடும் 6 மணி நேரம், எண்ணெய், கறி என்றால் 8 மணி நேரம்.

இந்தக் கணக்கெல்லாம் வயிறு இயல்பான வேகத்தில் காலியாகிறவர்களை வைத்துப் போட்டது. செமாக்ளுடைடு, டிர்செபடைடு (மவுன்ஜாரோவில் இருப்பது இதுதான்), லிராக்ளுடைடு எல்லாம் இரைப்பையின் மேல்பகுதியைத் தளர்த்தி, கீழ்வாசலை இறுக்கி, உணவு குடலுக்குள் இறங்குவதை மெதுவாக்குகின்றன. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்த மாதிரி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். எடை குறைய உதவுகிற அதே குணம்தான் ஆபரேஷன் அன்று எங்களுக்குச் சிக்கல்.

அமெரிக்க அனஸ்தீசியா சங்கம் 2023 ஜூனில் ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது: வார ஊசி என்றால் ஒரு வாரம் முன்பே நிறுத்து, தினசரி மருந்து என்றால் அன்று மட்டும் நிறுத்து. உங்கள் சர்ஜன் சொல்வது அது. 2024 அக்டோபரில் அதே சங்கம் குடல்-இரைப்பை மருத்துவர்கள், எடைக் குறைப்பு அறுவை மருத்துவர்கள் சங்கங்களோடு உட்கார்ந்து இன்னொன்று வெளியிட்டது: பெரும்பாலானவர்கள் மருந்தைத் தொடரலாம், ஆனால் யாருக்கு ஆபத்து அதிகம் என்று ஆள்பார்த்து முடிவெடுங்கள், ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு முந்தைய 24 மணி நேரம் திரவ உணவு மட்டும் கொடுங்கள். சர்க்கரை டாக்டர் சொல்வது இதை ஒட்டியது.

ஆபத்து யாருக்கு அதிகம்? மருந்தின் அளவை ஏற்றிக்கொண்டிருக்கும் காலத்தில் இருப்பவர்கள். அதிக அளவு எடுப்பவர்கள். குமட்டல், வாந்தி, வயிறு உப்பல், சாப்பிட்டது இறங்காத உணர்வு உள்ளவர்கள். ஏற்கெனவே வேறு காரணத்தால் வயிறு மந்தமானவர்கள்: நாள்பட்ட சர்க்கரையில் இரைப்பை நரம்பு பாதித்தவர்கள், பார்க்கின்சன் நோயாளிகள். உங்கள் அம்மாவுக்கு இப்போதுதான் அளவு ஏற்றியிருக்கிறது, சர்க்கரையும் பழையது. சாப்பாடு இறங்காமல் நிற்கிற மாதிரி சொல்கிறாரா?

மருந்தாளுநர்

டாக்டர் சொன்னதோடு மருந்தின் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். செமாக்ளுடைடு உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும், டிர்செபடைடு ஐந்து நாள். ஒரு வாரம் நிறுத்தினால் முழுக்கப் போய்விடாது, கணிசமாக மிச்சம் இருக்கும். செமாக்ளுடைடு கிட்டத்தட்ட முழுவதும் வெளியேற ஐந்து வாரம். அந்த நர்ஸ் சொன்ன ஒரு மாதம் இந்தக் கணக்கிலிருந்துதான் வந்திருக்கும்.

கடையில் நான் அடிக்கடி பார்க்கிற குழப்பம் இன்னொன்று. ரைபெல்சஸ் மாத்திரை தினமும் போடுவது. "தினசரி மருந்துதானே, ஆபரேஷன் அன்று மட்டும் விட்டால் போதும்" என்று நினைக்கிறார்கள். அதற்குள் இருப்பதும் செமாக்ளுடைடுதான். வாய்வழி போனாலும் ரத்தத்துக்குள் வந்தபிறகு ஊசியைப் போலவே ஒரு வாரக் கணக்கில்தான் குறையும். லிராக்ளுடைடு அப்படியில்லை, சுமார் 13 மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆகவே தினசரியா வாரமா என்பதைவிட எந்த மருந்து என்பது முக்கியம். செமாக்ளுடைடு காப்புரிமையும் இந்தியாவில் 2026 மார்ச்சோடு முடிந்தது. கம்பெனிப் பெயர் பெருகப் பெருக, பெட்டியில் சிறிய எழுத்தில் இருக்கிற மருந்துப் பெயரைச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். பெட்டியையே எடுத்துப் போவது இன்னும் நல்லது.

வைகைக்கரை

நன்றி டாக்டர். அம்மாவிடம் கேட்டேன். "ராத்திரி சாப்பிட்ட இட்லி விடியற்காலையிலும் நெஞ்சுக்குழியிலேயே நிற்குது" என்றார். அளவு ஏற்றியதிலிருந்து அப்படித்தானாம். புளித்த ஏப்பமும் வருகிறது. ஊசி வேலை செய்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்து எங்களிடம் சொல்லவில்லை.

அப்படியானால் ஒரு மாதம் நிறுத்தி, முழுக்கப் போனபின் ஆபரேஷன் வைத்தால் பாதுகாப்பு இல்லையா? கல்லுக்கு அவசரம் இல்லை என்றுதான் சர்ஜன் சொன்னார்.

அனஸ்தீசியா டாக்டர், கோவை

அம்மா சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் கேட்டேன். ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி. எதிலும் அது தெரியாது. அதை அப்படியே உங்கள் அனஸ்தீசியா டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒரு மாதம் நிறுத்துவதை ஏன் எல்லோருக்கும் சொல்வதில்லை என்றால், அம்மாவுக்கு இது சர்க்கரை மருந்து. நிறுத்தினால் சர்க்கரை ஏறும். ஏறிய சர்க்கரையோடு ஆபரேஷன் செய்தால் புண் ஆறுவது தள்ளிப்போகும், சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடும். அது ஊகம் இல்லை, வார்டில் தினம் பார்ப்பது. எடை குறைக்க மட்டும் போடுகிறவருக்கு இந்தக் கவலை குறைவு.

ஒரு வாரம் நிறுத்திவிட்டோம் என்ற நிம்மதியும் முழுதாக நம்பத்தக்கதல்ல. 2024-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஆபரேஷனுக்கு வந்த 124 பேருக்கு, மயக்கம் கொடுக்கும் முன் இரைப்பையை அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். எல்லோரும் விதிப்படி பட்டினி. இந்த வகை ஊசி போட்டவர்களில் 56 சதவீதம் பேருக்கு வயிற்றில் கெட்டி உணவோ அளவுக்கு மீறிய திரவமோ இருந்தது. போடாதவர்களில் 19 சதவீதம். கடைசி ஊசிக்குப் பின் எத்தனை நாள் ஆகியிருந்தது என்பதற்கும் வயிறு நிறைந்திருந்ததற்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை. இதைப் படித்த பிறகு நான் "நிறுத்தினீர்களா" என்று கேட்பதோடு விடுவதில்லை, "வயிறு எப்படி இருக்கிறது" என்றும் கேட்கிறேன்.

உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை, அதனால் முடிவு உங்கள் டாக்டர்களுடையது. கல்லுக்கு அவசரம் இல்லை என்றால் நான் யோசிப்பது: சர்க்கரை டாக்டரோடு பேசி, அளவை இதற்கு மேல் ஏற்றாமல், இந்த வயிற்று மந்தம் அடங்கியபின் தேதி வைப்பது. டிர்செபடைடின் மந்தம் ஆரம்பத்தில் அதிகம், தொடர்ந்து போடப்போடக் குறைகிறது.

டெம்ஸ் கரைத் தமிழச்சி

லண்டனில் தியேட்டர் நர்ஸாக இருக்கிறேன். இங்கே 2025 ஜனவரியில் பல சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட கருத்தும் "ஊசியைத் தொடரலாம்" என்பதுதான். அதே மாதம் இங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் புரையேறும் ஆபத்தைப் பற்றி எச்சரிக்கை விட்டது. தொடருங்கள், ஆனால் கவனமாக இருங்கள் என்று இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்த நாட்டில் 2011-ல் வெளிவந்த நான்காவது தேசியத் தணிக்கை, மயக்க மருந்தின்போது மூச்சுப்பாதைச் சிக்கலால் நேர்ந்த இறப்புகளில் முதல் காரணம் புரையேறுதல்தான் என்று சொன்னது. அப்போது இந்த ஊசிகள் இவ்வளவு புழக்கத்தில் இல்லை. ஆகவே எங்கள் செக் லிஸ்டில் ஊசியைப் பற்றிய கேள்வி இப்போது தனியாக இருக்கிறது. மக்கள் இதை "மருந்து" என்று நினைப்பதே இல்லை. "ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்றால் இல்லை என்பார்கள். "உடம்பு குறைய ஊசி போடுகிறீர்களா?" என்று கேட்டால்தான் பையிலிருந்து பேனா வடிவ ஊசி வெளியே வரும். ஆன்லைனில் வாங்கிப் போடுகிறவர்கள் குடும்ப டாக்டரிடம்கூடச் சொல்வதில்லை, அவர்கள் குறிப்பிலும் இருக்காது.

அனஸ்தீசியா டாக்டர், கோவை

அக்கா சொல்வது இங்கேயும் அப்படியே. கல்யாணத்துக்கு முன் எடை குறைக்க வீட்டுக்குத் தெரியாமல் போடுகிற பெண்கள் இருக்கிறார்கள். அம்மாவும் மாமியாரும் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் எப்படிச் சொல்வாள்? உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். நான் அதை வீட்டில் சொல்லப்போவதில்லை, உயிர் பிழைக்க மட்டும்தான் எனக்கு அது வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கேட்கிறேன்.

பொறுமைசாலி

எனக்கு இதெல்லாம் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. ஊசி போட்டுக்கொண்டே மூட்டு ஆபரேஷன், கண் ஆபரேஷன் எல்லாம் செய்துகொண்டவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்படி எழுதினால் பயந்துபோய் ஆபரேஷனையே தள்ளிப்போடுவார்கள், அல்லது நல்ல மருந்தை நிறுத்திவிடுவார்கள்.

அனஸ்தீசியா டாக்டர், கோவை

உங்கள் கவலை நியாயம்தான். இந்த ஊசி வருவதற்கு முன், 1993-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் வெளியிட்ட கணக்கில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட மயக்க மருந்துகளில் ஏறத்தாழ 3,200-க்கு ஒருவருக்குத்தான் புரையேறியது. ஊசியால் வயிற்றில் மிச்சம் அதிகம் இருப்பது உறுதி. ஆனால் வயிற்றில் இருப்பது வேறு, அது நுரையீரலுக்குப் போவது வேறு. பெரும்பாலானோர் நல்லபடியாகவே வீடு திரும்புகிறார்கள்.

கண்புரை பெரும்பாலும் சொட்டு மருந்தில் முடிந்துவிடும், அங்கே இந்தப் பேச்சே பெரிதாக இல்லை. மூட்டு ஆபரேஷன் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு, நோயாளி விழித்திருக்கும்போதே நடக்கும், இருமல் இருக்கும். ஆனால் கூடவே தூக்க ஊசியைத் தாராளமாகக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். என்னைக் கேட்டால் இன்னும் கவலைக்குரியது எண்டோஸ்கோப்பி அறை. ஆழ்ந்த தூக்கம் இருக்கும், மூச்சுக்குழாயில் டியூப் இருக்காது. "சின்ன டெஸ்ட்தானே" என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதும் இல்லை.

சர்க்கரைக்காரன்

டாக்டர், எனக்கு ஊசியோடு டாபாக்ளிஃப்ளோசின், கிளிமிப்ரைடு, மெட்ஃபார்மின் மூன்றும் உண்டு. அடுத்த வாரம் குடலிறக்க ஆபரேஷன். திரவ உணவு மட்டும் என்றால் மாத்திரைகளை என்ன செய்வது?

அனஸ்தீசியா டாக்டர், கோவை

இதைக் கேட்டது நல்லது. இந்த இழையில் எல்லோரும் ஊசியைப் பற்றியே பேசுகிறோம், உங்கள் பட்டியலில் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது டாபாக்ளிஃப்ளோசின். அது சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மருந்து. பட்டினியும் ஆபரேஷனும் சேரும்போது ரத்தம் அமிலமாகிவிடக்கூடும், கீட்டோஅசிடோசிஸ் என்பார்கள். குளுக்கோமீட்டரில் சர்க்கரை 160, 180 என்று சாதாரணமாகவே காட்டும், ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு வாந்தி எடுப்பார். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020-ல் இதைக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்லி லேபிளில் சேர்த்தது. எம்பாக்ளிஃப்ளோசினுக்கும் அதேதான். பிரிட்டனில் முந்தைய நாளும் அன்றும் விட்டால் போதும் என்கிறார்கள். இரண்டில் எது என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும், ஆனால் இன்றைக்கே கேளுங்கள், அடுத்த வாரம் போய்க் கேட்டால் நாள் தப்பிவிடும்.

கிளிமிப்ரைடு வேறு வகை ஆபத்து. சோறு, இட்லி இல்லாமல் அதைப் போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கும். திரவ உணவு நாளில் அதன் அளவையும், இன்சுலின் இருந்தால் அதன் அளவையும் கட்டாயம் மாற்ற வேண்டும். நீங்களாக மாற்றாதீர்கள். பட்டியலை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

மலைக்கோட்டை வாசகி

திரவ உணவு என்றால் எங்கள் வீட்டில் உடனே கஞ்சிதான். கஞ்சி சேருமா? இளநீர்? மோர்?

அனஸ்தீசியா டாக்டர், கோவை

முந்தைய 24 மணி நேரத்துக்கும் கடைசிச் சில மணி நேரத்துக்கும் பட்டியல் வேறு. நான் சொல்கிற முறை: முந்தைய நாள் காலையிலிருந்து கெட்டியானது எதுவும் கிடையாது. பால், நீர்மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், மிளகு-தக்காளிச் சக்கை இல்லாத தெளிவு ரசம், வடிகட்டிய சூப் இருக்கலாம். குருணை மிதக்கிற கஞ்சி, ராகிக் கூழ், வழுக்கை போட்ட இளநீர், கீரை சூப் வேண்டாம். சில ஆஸ்பத்திரிகளில் அன்று முழுவதும் தெளிந்த நீர் மட்டும் என்பார்கள், அவர்கள் சொன்னால் அதுதான்.

பால், மோர் எல்லாம் மயக்கத்துக்கு ஆறு மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு தண்ணீர், வடிகட்டிய இளநீர், பால் சேர்க்காத டீ, காபி. அதுவும் இரண்டு மணி நேரம் முன்புவரைதான், வயிறு மந்தமாக இருப்பவருக்கு இன்னும் முன்பே நிறுத்தச் சொல்வேன். விடியற்காலை ஃபில்டர் காபி "ஒரு வாய்தானே" என்று கேட்பார்கள். அதில் பால் இருக்கிறது, முடியாது. அப்புறம் பிரசாதம். ஸ்ட்ரெச்சர் கிளம்பும்போது விபூதி பூசுங்கள், நெற்றியில் குங்குமம் வையுங்கள். வாயில் சர்க்கரைப் பொங்கலோ கற்கண்டோ போடாதீர்கள்.

பொள்ளாச்சி ஸ்டாஃப் நர்ஸ்

டாக்டர் சொல்வதெல்லாம் சரி. ஆனால் சின்ன நர்சிங் ஹோமில் இதைக் கேட்க ஆளே இல்லை. எங்கள் மாதிரி இடங்களில் அனஸ்தீசியா டாக்டர் வெளியிலிருந்து வருகிறவர். காலையில் ஓர் ஆஸ்பத்திரி, பத்து மணிக்கு இங்கே, மதியம் வேறு ஊர். நோயாளியை முதன்முதலில் பார்ப்பதே ஆபரேஷன் டேபிள் பக்கத்தில்தான். 24 மணி நேரத் திரவ உணவை அப்போது எப்படிச் சொல்வது? இருதய டாக்டரிடம் ஃபிட்னெஸ் வாங்கியாச்சு, ரத்த டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு, எல்லாம் முடிந்தது என்று குடும்பம் நினைக்கிறது. தேதி குறித்த அன்றே அனஸ்தீசியா டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கொடுக்கும் வழக்கத்தை நாங்களாக ஆரம்பித்தோம். ஐந்து நிமிடப் பேச்சுதான். அதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது.

ஹூஸ்டனில் அல்ட்ராசவுண்டில் வயிற்றைப் பார்த்தார்கள் என்கிறீர்களே, அந்த இயந்திரமும் எங்களிடம் ஸ்கேன் அறையை விட்டு நகராது. கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கிற 1994 சட்டத்தின்படி ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பதிவு, யார் கையாளலாம் என்பதற்கும் விதி. சட்டம் வேண்டும்தான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் இரைப்பையைப் பார்க்க ஆபரேஷன் தியேட்டருக்குள் ஓர் இயந்திரம் வைப்பதற்குச் சின்ன இடங்களுக்கு எளிய வழி வேண்டும்.

அனஸ்தீசியா டாக்டர், கோவை

தங்கச்சி சொன்ன அந்தப் போன் எந்த வழிகாட்டுதலையும்விடப் பெரிது. எங்கள் ஆட்களும் தேதி தெரிந்தவுடன் நோயாளியோடு பேச நேரம் ஒதுக்க வேண்டும். காலையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற பழக்கம் இந்த மருந்துகளோடு ஒத்துவராது.

ஸ்கேன் இருக்கிற இடத்தில் வேலை இரண்டு மூன்று நிமிடம்தான். நோயாளியை வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, நெஞ்சுக்குழிக்குக் கீழே புரோபை வைத்தால், கல்லீரலின் இடது மடலுக்குப் பின்னால் இரைப்பையின் கீழ்ப்பகுதி தெரியும். காலி வயிறு சின்னதாக, தடித்த சுவரோடு சுருங்கிக் கிடக்கும். திரவம் இருந்தால் கறுப்பாக விரியும். அளந்து கணக்குப் போட்டு, கிலோவுக்கு 1.5 மில்லி வரை, அதாவது 60 கிலோ ஆளுக்கு 90 மில்லி வரை இருந்தால் இயல்பு என்று எடுத்துக்கொள்வோம். கெட்டி உணவு பனி படிந்த கண்ணாடிபோல மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டால் அவசரமில்லாத ஆபரேஷனைத் தள்ளிவைப்பேன், சர்ஜன் கோபித்தாலும்.

ஸ்கேன் இல்லை, அவசரம் என்றால் வயிறு நிறைந்திருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்வோம். தலையை உயர்த்தி, ஆக்சிஜனை நன்றாக நிரப்பி, உறிஞ்சும் குழாயைக் கைக்கருகில் வைத்து, மருந்தை ஒரே மூச்சில் கொடுத்து, மாஸ்க்கில் காற்று அடிக்காமல் நேராக மூச்சுக்குழாயில் டியூப் போட்டு, அதைச் சுற்றியிருக்கும் பலூனை ஊதிவிடுவோம். பித்தப்பை லேப்ராஸ்கோப்பிக்கு எப்படியும் டியூப் உண்டு. ஆபத்து அந்த டியூப் உள்ளே போவதற்கு முந்தைய சில நொடிகளிலும், முடிவில் அதை எடுக்கும் நேரத்திலும். முழுதாக விழித்து, கண் திறந்து, சொன்னதைச் செய்தபிறகுதான் எடுப்போம்.

வைகைக்கரை

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து அனஸ்தீசியா டாக்டர் நம்பர் வாங்கிப் பேசினேன். மருந்தின் பெயர், அளவு, எப்போது ஏற்றியது, கடைசி ஊசி தேதி, அந்த இட்லி விஷயம் எல்லாம் சொன்னேன். தேதியைச் சில வாரம் தள்ளலாம், அதற்குள் சர்க்கரை டாக்டரோடு தானே பேசுகிறேன் என்றார். ஊசி சில வாரம் விட்டுப்போனால், திரும்ப 7.5-லிருந்தே தொடங்கலாமா என்று அம்மா கேட்கிறார்.

அனஸ்தீசியா டாக்டர், கோவை

ஒரு வாரம் விட்டுப்போனால் பெரும்பாலும் அதே அளவில் தொடரச் சொல்வார்கள். பல வாரம் விட்டால் உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். நேராகப் பெரிய அளவைப் போட்டால் வாந்தி புரட்டி எடுக்கும், வயிற்றில் புதிதாகத் தையல் இருக்கும்போது அது வேண்டவே வேண்டாம். குறைந்த அளவிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும், அதைச் சர்க்கரை டாக்டர் முடிவு செய்வார். எப்படியானாலும் அம்மா வாந்தியில்லாமல் சாதாரணமாகச் சாப்பிடத் தொடங்கியபிறகுதான் அடுத்த ஊசி. அதுவரை சர்க்கரையை எதை வைத்துக் கட்டுப்படுத்துவது என்பதை ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு, டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.